எட்டு நெடியவை, ஆறு குட்டை

மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் வெங்காய வேர்நுனியை நசுக்கி, நுண்ணோக்கியில் குரோமோசோம் பார்த்திருப்பீர்கள். பதினாறும் ஏறக்குறைய ஒரே நீளம். கண் எதிலும் தங்காது. அடுத்து சோற்றுக்கற்றாழையின் இளம் வேர்நுனியைப் பாருங்கள். மொத்தம் 14. எட்டு நெடியவை, ஆறு மிகக் குட்டை. நடுத்தரமாக ஒன்றுகூட இல்லை. எண்ணத் தொடங்குவதற்கு முன் இந்த நீள வித்தியாசத்தில் கொஞ்சம் நின்று பழகுங்கள். ரசனை அங்கேதான் தொடங்குகிறது.

பிறகு உறவுகளைத் தேடிப் போகலாம். நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மரமாகவே வளரும் ஒரு கற்றாழை உண்டு. அங்குள்ள சான் மக்கள் அதன் கிளையைக் குடைந்து அம்பறாத்தூணி செய்தார்கள். நர்சரியில் விற்கும் ஹாவொர்த்தியாவோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மரத்திலும் அதே எட்டும் ஆறும். ஹாவொர்த்தியா இனங்கள் பலவற்றிலும் அதேதான். வெளித்தோற்றத்தை இவ்வளவு மாற்றிய பரிணாமம் இந்த அமைப்பை மட்டும் கலைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் பெரும் வியப்பு. தென்னாப்பிரிக்கப் புதர்களில் படர்ந்தேறும் அலோ சிலியாரிஸில் குரோமோசோம் தொகுப்பு மும்மடங்காகி 42 ஆகியிருக்கிறது. அங்கும் 24 நெடியவை, 18 குட்டை. விகிதம் குலையவில்லை.

இதற்கு நேரெதிரான குணத்தைப் பார்க்க மெக்சிகோவுக்குப் போக வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் உல், அங்கு வளரும் செடம், எச்சிவேரியா வகைச் செடிகளின் குரோமோசோம்களைப் பல ஆண்டுகள் எண்ணியவர். ரோஜா இதழ்போல் இலை அடுக்கிய சின்னஞ்சிறு செடியான செடம் சுவவியோலென்ஸில் எண்ணிக்கை ஏறத்தாழ 640. பூக்கும் தாவரங்களில் இதுவரை அறிந்தவற்றுள் இதுவே உச்சம்.

இப்படிக் குரோமோசோம் தொகுப்புகள் பெருகும்போது அவை ஒற்றைப்படையாக அமைந்தால் விதை உருவாவது சிரமம். சதைப்பற்றுச் செடிகளில் பலவற்றுக்கு அது பெரிய தடையில்லை. உதிர்ந்த இலையே வேர்விட்டுப் புதுச்செடி ஆகிவிடும். நாருக்காக வளர்க்கும் சிசல் கற்றாழை ஐந்து தொகுப்புகளைச் சுமந்துகொண்டு, பூந்தண்டில் முளைக்கும் குட்டிச்செடிகளால் பரவுகிறது.

நர்சரிக்குப் போனால் பெயர்ச்சீட்டுகளையும் படியுங்கள். 'கேஸ்டரலோ' என்றிருந்தால் கேஸ்டீரியாவும் அலோவும் கலந்தது. பெற்றோர் இரண்டுமே எட்டும் ஆறும் கொண்ட குடும்பம். 'கிராப்டோவேரியா' என்றிருந்தால் கிராப்டோபெட்டலமும் எச்சிவேரியாவும் கலந்தது. அங்கே இரு தரப்பு எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை. அந்தச் செடியின் இலையொன்றைக் கேட்டு வாங்கி, மணலில் வையுங்கள்.