பழைய பெட்டிக்குப் புது கார்டு: ஜிடி 710 தேறுமா?

குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடை. கல்லாவுக்கு அடியில் இருக்கும் கணினி 2009 வாக்கில் அசெம்பிள் செய்தது. கோர் 2 டுவோ ஈ7500 பிராசஸர், இன்டெல் ஜி31 சிப்செட் மதர்போர்டு, அந்த போர்டு தாங்கும் உச்ச அளவான 4 ஜிபி ரேம். பில் போட, புத்தடி ஏலத்தில் அன்றைக்குக் காய் என்ன விலைக்குப் போனது என்று பார்க்க, ஆளில்லாத மதியத்தில் யூடியூப் ஓட்ட. வேலை அவ்வளவுதான். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாட்டியாயிற்று. அப்படியும் விண்டோஸ் 10-இல் ஒரு விண்டோவை நகர்த்தினால் அது தயங்கித் தயங்கித்தான் வருகிறது. "ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா சரியாயிருமாண்ணே?" என்றார் கடைக்காரர்.

அவர் சந்தேகம் நியாயமானது. போர்டிலேயே இருக்கும் ஜிஎம்ஏ 3100 கிராபிக்ஸ் 2007-ஆம் ஆண்டுச் சரக்கு. டைரக்ட்எக்ஸ் 9-ஐத் தாண்டாது. விண்டோஸ் 10-க்கென்று இதற்கு இன்டெல் டிரைவரே கொடுக்கவில்லை. கிராபிக்ஸ் கைவிரிப்பதால் அந்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழுகிறது.

சர்வீஸ் கடை ஒன்றில் கிடந்த பழைய என்விடியா ஜிடி 710-ஐ, 2 ஜிபி மெமரி உள்ளது, வாங்கி மாட்டினோம். 2016-இல் வந்த கார்டு. 19 வாட்தான் இழுக்கும் என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டாம், தனி பவர் கேபிளும் வேண்டாம். நாங்கள் போட்டதில் ஃபேன் கிடையாது, வெறும் ஹீட்சிங்க். மிளகுத் தூசி பறக்கும் கடையில் இது பெரிய நிம்மதி. விஜிஏ போர்ட்டும் இருந்ததால் பழைய மானிட்டரே போதுமானதாயிற்று. மலையூர் ஈரத்தில் கார்டின் தங்கப் பற்கள் கறுத்திருக்கும். அழிரப்பரால் தேய்த்துவிட்டுச் சொருகுங்கள். படம் வரவில்லையென்றால் பயாஸில் முதல் டிஸ்ப்ளே பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.

டிரைவர் ஏறியதும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. விண்டோக்கள் தயங்கவில்லை, ஸ்க்ரோல் வழுக்கிக்கொண்டு போனது. யூடியூப் மட்டும் 1080பி-யில் திக்கியது. காரணம், யூடியூப் பெரும்பாலும் விபி9 வடிவில் வீடியோவை அனுப்புகிறது. இந்தக் கார்டுக்கு எச்.264-ஐ விரிக்கத் தெரியும், விபி9 தெரியாது. பிரவுசரில் எச்264இஃபை என்ற இலவச எக்ஸ்டென்ஷனைப் போட்டதும் திக்கல் நின்றது. கார்டுக்குக் கொடுத்த காசு வசூலானது அப்போதுதான்.

லினக்ஸ் மின்ட் 22-ஐயும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு போட்டுப் பார்த்தேன். ரேமை மிச்சம் வைத்து ஓடுகிறது. 2029 வரை அப்டேட் வரும். சிக்கல் டிரைவரில். இந்தக் கார்டின் கெப்ளர் வம்சத்துக்கு என்விடியாவின் 470 வரிசையே கடைசி. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024-ஓடு நின்றுவிட்டன. மின்ட்டில் வீடியோ விரிக்கும் வேலையைக் கார்டு தானாக எடுத்துக்கொள்ளாது. 720பி-யோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

கார்டு ஒன்றே புது சிஸ்டத்துக்குக் கதவு திறந்த கதையும் உண்டு. 2018-இல் ஆப்பிள் மேக்ஓஎஸ் மோஹாவியை வெளியிட்டபோது, 2010, 2012 மேக் ப்ரோக்களில் மெட்டல் நுட்பம் தெரிந்த கார்டு இருந்தால் போதும் என்றது. சஃபையர் பல்ஸ் ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டுகளைப் பெயர் சொல்லியே பட்டியலிட்டது. அடுத்த ஆண்டு வந்த கேட்டலினாவில் அந்த மேக் ப்ரோக்களுக்கே இடமில்லை.

நம் கல்லாக் கணினிக்கு அந்தச் சலுகைகூட இல்லை. விண்டோஸ் 11, 8-ஆம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0-உம் கேட்கிறது. குறுக்குவழியில் ஏற்றலாம் என்பார்கள். 24எச்2 பதிப்பு பாப்கவுன்ட் என்ற பிராசஸர் கட்டளை இல்லாமல் பூட்டே ஆகாது. கோர் 2 டுவோவில் அது கிடையாது. எவ்வளவு விலையுயர்ந்த கார்டைச் சொருகினாலும் இந்தச் சுவர் நகராது.

ஜிடி 1030 வாங்கலாமா என்றால், அது விபி9-ஐயும் விரிக்கும். வீடியோவுக்கு அதுதான் மேல். ஆனால் விஜிஏ கிடையாது, பழைய மானிட்டருக்குத் தனி கன்வெர்ட்டர் தேவைப்படும். டிடிஆர்4 மெமரி போட்ட மலிவு வகையைத் தவிருங்கள், வேகம் பாதாளம்.

என் தீர்ப்பு: செகண்ட் ஹேண்டில் சில நூறு ரூபாய்க்கு ஜிடி 710 கிடைத்தால் போடுங்கள். புதிதாக ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்காதீர்கள். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் ஆபீஸ்களில் கழித்த 4-ஆம் தலைமுறை ஐ5 பெட்டியே கிடைக்கும். விண்டோஸ் 10-ஐ விட முடியாதவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பில் கணக்கு அந்தக் கணினியில் இருந்தால், கார்டு வாங்கும் முன் ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.