முன்குரல் போன பிறகு குழு யாருடையது?

வட்டக்கோட்டையைச் சுற்றியுள்ள அஞ்சுகிராமம், லீபுரம், கொட்டாரம், அகஸ்தீஸ்வரம் ஊர்களில் அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டு பேசி அச்சாரம் கொடுப்பது புலவரின் பேரை நம்பித்தான். நோட்டீசிலும் 'இன்னார் குழுவினர்' என்றே அச்சாகும். அந்த இன்னார் காலமாகிவிட்டால், குடம் அடிப்பவரும் உடுக்கைக்காரரும் ஜால்ராக்காரரும் அப்படியே இருக்கிறார்கள். வில்லும் கதையும் பழையவைதான். ஆனாலும் அடுத்த கொடைக்கு வரி பிரிக்க ஊர் கூடும்போது, "அவரு பாடின மாதிரி இனி வருமாடே?" என்று ஒரு குரல் எழும். பக்கத்தில் இருந்து பாடியவரே இப்போது நன்றாகப் பாடுகிறார் என்று இன்னொருவர் சொல்வார். பிறகு வாக்குவாதம்தான்.

இதே வாக்குவாதத்தை ஹார்டு ராக் ரசிகர்கள் உலகம் முழுக்க நாற்பத்தைந்து வருஷமாக நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி குழுவில் பாடிவந்த பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் இறந்தார். வயது 33. ஐந்து மாதம் கழித்து, ஜூலையில், பிரையன் ஜான்சன் குரலில் 'பேக் இன் பிளாக்' வந்தது. துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பு. முதல் பாட்டின் தொடக்கத்தில் கோயில்மணி போல ஒரு மணி அடிக்கும். உலகத்தில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுகளில் ஒன்றாக அது ஆனது. விற்பனை வாதத்தை முடித்துவிடவில்லை. ஸ்காட்டின் பாட்டில் இருந்த தெருக்குறும்பும் கண்சிமிட்டலும் போய்விட்டன, மிஞ்சியது சத்தம் மட்டும் என்று ஒரு கட்சி. ஜான்சன் வராவிட்டால் குழுவே இருந்திருக்காது என்று ஒரு கட்சி. புதுத்தட்டின் சில வரிகளை ஸ்காட்டே எழுதிவைத்துவிட்டுப் போனார் என்று மூன்றாவது கட்சி. குழுவினர் அதை மறுத்தாலும் அவர்கள் விடுவதாயில்லை.

என் அபிப்பிராயத்தில் அந்தக் குழு ஒருநாளும் பாடகருடையதாக இருந்ததில்லை. மால்கம் யங், அங்கஸ் யங் என்ற சகோதரர்களின் கிட்டார்தான் அதன் எலும்பு. பாடகர் மாறியும் அது நடந்ததற்குக் காரணம் அதுவே. ஆனால் எல்லாக் குழுவுக்கும் எலும்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. வில்லுப்பாட்டில் எங்கே இருக்கிறது?

வில்லின் நடுவில் உட்காரும் புலவரைச் சிலர் அண்ணாவி என்பார்கள். கதை சொல்வதும் பாடுவதும் அவர். இரண்டு கையிலும் வீசுகோல் பிடித்து, மணி கட்டிய வில்லின் நாணை அடித்துத் தாளத்தை ஓட்டுவதும் அவரே. பக்கங்களில் வலம்பாடி, இடம்பாடி என்று துணைக்குரல்கள். புலவர் விட்ட அடியை எடுத்து முடிப்பார்கள். காப்பில் தொடங்கி வாழி பாடி முடிப்பது வரை வரிசை மாறாது. சுடலைமாடன் கதையோ முத்தாரம்மன் கதையோ தோட்டுக்காரி அம்மன் கதையோ, கோயிலுக்கு உரிய கதையை விட்டுவிட்டு வேறு பாட முடியாது.

இந்த மண்ணில் வில்லுப்பாட்டுக் குழுக்களோடு அலைந்து ஆராய்ந்த அமெரிக்கர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் 'சிங்கிங் ஆஃப் பர்த் அண்ட் டெத்' என்ற நூலை வெளியிட்டார். வாய்மொழிக் கதைப்பாடகர்கள் மேடையிலேயே வரிகளைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்பது அப்போது ஆய்வாளர்களிடம் செல்வாக்கோடு இருந்த கருத்து. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு அப்படி இல்லை என்று அவர் காட்டினார். இங்கே பாட்டு ஏட்டிலும் நோட்டுப்புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. பாடுகிறவர் பெரும்பாலும் அதை ஒட்டியே போகிறார். நா. வானமாமலை, தி. சி. கோமதிநாயகம், நாகர்கோவில் அ. கா. பெருமாள் ஆகியோர் சேர்த்தும் பதிப்பித்தும் ஆராய்ந்தும் வைத்த கதைப்பாடல்களைப் புரட்டினால் இந்த எழுத்து மரபு எவ்வளவு கெட்டியானது என்று தெரியும். ஆக, புலவர் இறக்கும்போது வரிகள் இறப்பதில்லை. போவது வேறொன்று. கொலைப்படும் இடத்தில் எப்போது வேகம் கூட்டுவது, சாமியாடியின் உடம்பு நடுங்கத் தொடங்கியதும் கதையை நிறுத்தி அடியை மட்டும் எத்தனை முறை திருப்பிப் பாடுவது என்ற கைக்கணக்கு அது. எந்த ஏட்டிலும் இது எழுதப்படவில்லை. பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடியவருக்கு மட்டும் இது வந்து சேர்ந்திருக்கும்.

அதனால்தான் துணைக்குரலை நான் முக்கியமாக நினைக்கிறேன். ராக் உலகில் இதற்குச் சரியான இணை, அமெரிக்காவின் ஆலிஸ் இன் செயின்ஸ். லேன் ஸ்டேலி 2002 ஏப்ரலில் இறந்தார். அவர் இருந்த காலத்திலேயே அந்தக் குழுவின் அடையாளம் ஒற்றைக்குரல் இல்லை. ஸ்டேலியும் கிட்டார்க்காரர் ஜெர்ரி கான்ட்ரெலும் சேர்ந்து இழைத்த இரட்டைக்குரல். வில்லியம் டுவாலைச் சேர்த்துக்கொண்டு 2009இல் அவர்கள் புதுத்தட்டு போட்டபோது, சந்தேகத்தோடு கேட்ட பலரும் ஏற்றுக்கொண்டார்கள். பழைய இழையில் பாதி அங்கேயே இருந்தது. நம் ஊர்க்கணக்கில் சொன்னால் புலவர் போனார், இடம்பாடி இருந்தார்.

இந்தியாவில் இந்தக் கேள்வியை மிகக் கடுமையாகச் சந்தித்த குழு டெல்லியின் இந்தியன் ஓஷன். ஹார்டு ராக் என்று அதைச் சொல்ல முடியாது. ராக்கும் நாட்டார் இசையும் இந்துஸ்தானியும் கலந்த கலவை. அசீம் சக்ரவர்த்தியும் கிட்டார்க்காரர் சுஸ்மித் சென்னும் தொடங்கியது. 2000இல் வந்த 'கந்தீசா'வின் தலைப்புப் பாட்டு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் சிரியாக் மொழிப் பிரார்த்தனையிலிருந்து வந்தது. நமக்கு அக்கம்பக்கத்துச் சொத்து. அசீம் தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். குரலும் தாளமும் ஓருடம்பில் இருந்தது, வீசுகோலோடு பாடும் புலவரைப் போல. 2009 டிசம்பர் 25 அன்று அவர் இறந்தார். அவர் இடத்துக்கு ஒருவர் போதவில்லை. ஹிமான்ஷு ஜோஷி குரலுக்கு வந்தார், துஹீன் சக்ரவர்த்தி தபலாவுக்கு வந்தார். அசீம் இருந்தபோது பதிவான பாட்டுகளைக் குழு 2010இல் மாதம் ஒன்றாக இலவசமாகவே வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் '16/330 கஜூர் ரோடு', அவர்கள் பயிற்சி செய்த வீட்டு முகவரி. 2013இல் சுஸ்மித் சென்னும் விலகினார். தொடங்கிய இருவருமே இல்லாத குழுவை அதே பெயரில் அழைக்கலாமா என்ற கேள்வி அன்று முதல் கூடவே வருகிறது. 2014இன் 'தண்டானு'வில் அவர்கள் பாட்டுக்குப் பாட்டு விருந்தினரை அழைத்துவந்தது ஒருவிதத்தில் அதற்கான பதில். எனக்கு அந்தத் தட்டு பிடிக்கும். ஆனால் அசீம் பாடிய பழைய பாட்டுகளை மேடையில் இன்று கேட்கும்போது, ரசிகனின் காது இரண்டு குரலைச் சேர்த்தே கேட்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் இயந்திரம் உள்ளே வருகிறது. ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் செத்தவரின் குரல் கேட்டவர்களின் நினைவோடு மங்கும். புதியவருக்கு எதிரே நிற்பது நினைவு மட்டுமே. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் 27 வயதில் இறந்தபோது கிராமபோன் தட்டுகள் இருந்தன. நாடக மேடையில் விடிய விடியப் பாடியவரைச் சில நிமிஷத் தட்டுக்குள் அடைத்தது அநியாயம்தான். ஆனால் அந்தச் சில நிமிஷம் பல தலைமுறைக்கு அளவுகோலாக நின்றது. அவர் மேடையை நிரப்ப யாரும் வரவில்லை, அவர் மனைவி கே. பி. சுந்தராம்பாள் நாடகத்தை விட்டு ஒதுங்கி, 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடத்திலேயே திரும்பினார். ராக் ரசிகனின் சண்டை முழுக்க இந்தத் தட்டின் பிள்ளை. பான் ஸ்காட் ஒவ்வொரு நாளும் 33 வயதிலேயே பாடிக்கொண்டிருக்கிறார்; எதிரே ஜான்சனுக்கு மட்டும் வயதாகிறது.

வாரிசு வந்தால் வாதத்தின் சூடு குறைகிறது. விமான விபத்தில் 1977இல் பாடகர் ரோனி வான் சான்ட்டை இழந்த லினார்ட் ஸ்கினார்ட் குழு, பத்து வருஷம் கழித்து அவருடைய தம்பி ஜானியை முன்னால் நிறுத்தியது. நம் பக்கத்தில் சுப்பு ஆறுமுகத்தின் வில்லை மகள் பாரதி திருமகன் ஏற்றார். ஒழுகினசேரிக்காரரான என். எஸ். கிருஷ்ணன் வில்லைச் சென்னைக்குக் கொண்டுபோனார். அவரால் அங்கே போன சுப்பு ஆறுமுகம் காந்தி கதையும் சமூகக் கதையும் சொல்லி 2022 அக்டோபரில் மறையும்வரை அதை நடத்தினார். சபா வில்லில் சாமி வராது, கைதட்டல் வரும். அங்கே பெயர்தான் பெரிது. பெயரை மகள் சுமக்கலாம்.

கொடை வில்லில் பெயரைச் சுமக்க யாரும் வராத கதையும் உண்டு. கொட்டாரம் பக்கத்துச் சரவணந்தேரியைச் சேர்ந்த பூங்கனி, ஆண்கள் நிறைந்த இந்தத் தொழிலில் சிறுவயதிலேயே வில்லுக்கு நடுவில் உட்கார்ந்து பல ஊர்க் கொடைகளைப் பாடி நிறுத்தியவர். கணவர் தங்கபாண்டியன் குடம் அடித்தார். கடைசிக் காலத்தில் வறுமையில் தனியாக வாழ்ந்து 2018 நவம்பரில் இறந்தார். அவருக்குப் பிறகு யார் என்று ஊர் சண்டையிடவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே அவரை மறந்திருந்தார்கள். ஏசி/டிசி ரசிகர்களின் ஓயாத வாய்ச்சண்டையை எரிச்சலோடு பார்க்கிறவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இப்போது கொடைப்பந்தலில் நாலு கைபேசியாவது உயர்ந்து நிற்கிறது. விடியும் முன்பே பாட்டு யூடியூபில் ஏறிவிடுகிறது. அடுத்த புலவர் பாடும்போது முந்தையவரின் வீடியோவையும் எதிரே வைத்துக்கொண்டு ஊர் வாதாடப்போகிறது. சாமியாடி யார் பாட்டுக்கு எழுந்தார், யார் பாட்டுக்கு உட்கார்ந்தே இருந்தார் என்பதும் அதில் பதிவாகியிருக்கும்.