முகம் தெரியாத வீரர்

கோடைக்கானலுக்குப் பழநி வழியாகப் போகிறவர்கள் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியதும் விருப்பாட்சியில் ஒரு நிமிஷம் இறங்க வேண்டும். கோபால் நாயக்கர் பாளையக்காரராக இருந்த ஊர். திண்டுக்கல் வட்டாரத்துப் பாளையக்காரர்களைக் கும்பினிக்கு எதிராக ஒன்று சேர்த்தவர், 1801-ல் தூக்கிலிடப்பட்டவர்.

"முகமே தெரியாதவருக்குச் சிலை வைத்தால் அது வெறும் கற்பனைதானே, ஐயா?" என்று கேட்டார், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர். மலைப்பாதை வளைவுகள் முழுவதும் அந்தக் கேள்வி என்னோடு வந்தது.

முகம் தெரிந்தால் போதுமா? சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் இருக்கும் தாமஸ் மன்றோவைப் பாருங்கள். கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர்; சென்னை ராஜதானியின் கவர்னர். சிற்பி சான்ட்ரி வார்த்த வெண்கலம், 1839-ல் நிறுத்தப்பட்டது. சேணமும் அங்கவடியும் இல்லை. 'மறந்துபோன சிற்பி தற்கொலை செய்துகொண்டான்' என்று ஊரெல்லாம் கதை. கதை பொய். லண்டனில் நாலாம் ஜார்ஜ் மன்னரையும் சான்ட்ரி அப்படித்தான் சேணமின்றி உட்கார வைத்தார். கம்பீரமான வேலைதான். ஆனால் சிலையைப் பார்த்தால் ஒரு கவர்னர் தெரிகிறார். ரயத்துவாரி முறையை வகுக்கக் கிராமம் கிராமமாக அலைந்த மனிதர் தெரியவில்லை.

அந்த ஸ்காட்லாந்தின் தேசிய வீரன் வில்லியம் வாலஸ். 1297-ல் ஸ்டெர்லிங் பாலத்தருகே ஆங்கிலேயரை முறியடித்தான். 1305-ல் லண்டனில் கொல்லப்பட்டான். அவன் காலத்துப் படம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் 1888-ல் அபர்டீன் நகரம் அவனுக்குச் சிலை எடுத்தது. சிற்பி கிராண்ட் ஸ்டீவன்சன் முகத்தை நம்பவில்லை. ஒரு கணத்தை நம்பினார். போருக்கு முன் சமாதானம் பேச வந்த தூதர்களுக்கு வாலஸ் பதில் சொல்லும் கணம். ஒரு கையில் நெடிய வாள். மற்றக் கை வெளியே நீண்டிருக்கிறது. அந்தக் கைதான் சிலை.

வாலஸ் நாட்டில் பிறந்த மன்றோ, நம் கோபால் நாயக்கர் தூக்கில் தொங்கிய காலத்தில், ராயலசீமையில் பாளையக்காரர்களை அடக்கிக்கொண்டிருந்தார். சரித்திரத்துக்கு நகைச்சுவை உண்டு, சற்றுக் கசப்பானது.

பெரியவருக்கு இப்போது பதில் சொல்லலாம். கற்பனை குற்றமல்ல, சோம்பேறிக் கற்பனைதான் குற்றம். நம் ஊர்ச் சிலைகளில் பாளையக்காரர் என்றால் முறுக்கிய மீசை, ஓங்கிய வாள். பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் யார் எவர் என்று சொல்ல முடியாது. உயிரைக் கொடுத்தவருக்கு நாம் தருவது பொது முகமா?

கணவனையும் சீமையையும் இழந்து வந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த ஊர் விருப்பாட்சி. கும்பினிக்குப் பயந்து பலர் கதவைச் சாத்திய காலத்தில், கோபால் நாயக்கர் திறந்தார். வாளை இடுப்பிலேயே விட்டுவிட்டு, "வாருங்கள்" என்று நீளும் அந்தக் கையை ஒரு சிற்பி வார்க்கட்டும். முகம் எப்படியிருந்தாலும், அடிவாரத்தில் போகிறவன் அவரை அடையாளம் கண்டுகொள்வான்.