அறிவிப்பு முறை நிரலாக்கமும் பிஏபி கால்வாயும்

டிக்ளரேட்டிவ் புரோகிராமிங் எனப்படும் அறிவிப்பு முறை நிரலாக்கம், கணினிக்கு ‘எப்படிச் செய்வது’ என்று படிப்படியாகச் சொல்லாமல் ‘என்ன வேண்டும்’ என்பதை மட்டும் சொல்லும் முறை. 1970களில் உருவான புரோலாக், எஸ்கியூஎல் ஆகியவை இவ்வகை மொழிகள். 2014ல் வெளிவந்த டெராஃபார்ம், குபர்னெட்டிஸ் ஆகிய கருவிகள் இதையே சர்வர்களை நிர்வகிக்கும் தானியக்கத்தில் பரவலாக்கின. ‘எப்படி’ என்ற கவலை நிரலருக்கு இனி இல்லை என்பது இதைக் கற்பிப்போர் வழக்கமாகச் சொல்வது. அது பாதி உண்மை.

ராபர்ட் கோவால்ஸ்கி 1979ல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு சமன்பாடு: அல்காரிதம் என்பது தர்க்கமும் கட்டுப்பாடும் சேர்ந்தது. அறிவிப்பு முறையில் கட்டுப்பாடு ஒழிவதில்லை, வேறொரு கைக்குப் போகிறது. எஸ்கியூஎல்லில் அது ஆப்டிமைசரின் கை. நேற்று நொடியில் முடிந்த வினவல் இன்று நிமிடக்கணக்கில் ஓடினால், நிரலர் அந்த ‘எப்படி’யைத் தேடித்தான் போகவேண்டும்.

கணினியே இல்லாமல் இதை விளங்கிக்கொள்ள உடுமலைப்பேட்டை நல்ல இடம். பிஏபி எனப்படும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் தண்ணீர், சர்க்கார்பதியிலிருந்து சுமார் 49 கிலோமீட்டர் நீளமுள்ள காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்கு வருகிறது. ஆயக்கட்டு 4 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்துப் பாசனம் பெறுகிறது. தண்ணீர் திறப்புக்கான அரசாணை எந்த மண்டலம், எத்தனை ஏக்கர், எந்த நாள்வரை, அதிகபட்சம் எத்தனை மில்லியன் கனஅடி என்று சொல்லும். எந்த ஷட்டரை எந்த நேரம் எவ்வளவு தூக்குவது என்று சொல்லாது. அது பொறியாளரும் லஸ்கரும் பார்த்துக்கொள்வது. கோவால்ஸ்கியின் சொல்லில், ஆணை தர்க்கம், லஸ்கர் கட்டுப்பாடு.

ஆணை சரியாகவே இருந்தும், பங்குத் தண்ணீர் வந்துசேரவில்லை என்று காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக் கடைமடை விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். அறிவித்ததும் நடந்ததும் ஒன்றா என்று பார்ப்பதே இங்கே முக்கியமான வேலை. குபர்னெட்டிஸின் மெய்யான பலமும் அதுதான். இருக்கும் நிலையை ஓயாமல் பார்த்து, கேட்ட நிலையோடு ஒப்பிடுகிறது. 3 பிரதிகளில் ஒன்று விழுந்தால் இன்னொன்றை எழுப்புகிறது. ஆனால் இடமில்லாதபோது அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது, புதிய பிரதி ‘பெண்டிங்’ நிலையிலேயே கிடக்கும். பற்றாக்குறையில் யாருக்கு முதலில் என்பதையும் மனிதர்தான் முன்கூட்டி எழுதிவைக்க வேண்டும். ‘நீர் இருப்பைப் பொறுத்து’ என்று ஆணைகளில் வரும் தொடர் அந்த முடிவைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே.

இம்முறையின் பெரிய குறை வேறு. டெராஃபார்ம் தன் பதிவில் உள்ளவற்றை மட்டுமே சரிபார்க்கும். யாரோ கையால் தனியே உருவாக்கிய சர்வர் அதன் கண்ணில் படாது. மாதக் கட்டணம் வரும்போதுதான் தெரியும். கால்வாய்க் கரையில் திருட்டுத்தனமாகப் போட்ட குழாயும் அப்படியே, எந்த ஆணையிலும் அது இல்லை. கடைமடையில் அளவுமானி வைத்து, நீர் குறைந்தால் தலைமதகைக் கூடுதலாகத் திறக்கும்படி தானியக்கம் அமைத்தால், அந்தக் குழாய்க்கும் சேர்த்தே தண்ணீர் போகும். மானி காட்டும் அளவோ சரியாக இருக்கும்.