கூரைக்கு ஆணி, லாபம் யாருக்கு?

அமெரிக்காவில் வீட்டுக் காப்பீட்டுப் பிரீமியம் ஏறிக்கொண்டே போவதற்கு அரசியல்வாதிகள் இப்போது சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்: கூரையைப் பலப்படுத்துங்கள், பிரீமியம் குறையும். அலபாமா 2016 முதல் கொடுத்துவரும் 10,000 டாலர் மானியத்தை லூசியானா 2023இல் பின்பற்றியது. கடற்கரையே இல்லாத கென்டக்கியும் ஓக்லஹோமாவும்கூட ஆலங்கட்டி மழையையும் சுழற்காற்றையும் மனத்தில் வைத்து அதே பாணியில் சட்டம் இயற்றிவிட்டன. புளோரிடா 2006இல் தொடங்கிக் கைவிட்ட திட்டத்தை 2022இல் மீண்டும் உயிர்ப்பித்தது. வீட்டுக்காரர் ஒரு டாலர் போட்டால் மாநிலம் இரண்டு டாலர் தரும், உச்சவரம்பு 10,000. 2024இல் ஒதுக்கிய 200 மில்லியன் டாலருக்கும் சில வாரங்களிலேயே விண்ணப்பங்கள் வந்து குவிந்துவிட்டன.

பலப்படுத்திய வீடு புயலைத் தாங்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி மயாமிக்குத் தெற்கே 25,000 வீடுகளைத் தரைமட்டமாக்கியபோது, கூரை எவ்வளவு அலட்சியமாக அடிக்கப்பட்டிருந்தது என்பது வெளியே வந்தது. அதன் பாடத்தில்தான் 2002இல் புளோரிடா முழுமைக்குமான கட்டட விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் ஐ.பி.எச்.எஸ். அமைப்பு, தென் கரோலினாவின் ரிச்பர்கில் 105 ராட்சத விசிறிகளைச் சுழலவிட்டு முழு வீடுகளையே சோதிக்கிறது. அது வகுத்த 'ஃபோர்ட்டிஃபைட்' தரம் கேட்பவை எளிய வேலைகள்: வழவழப்பான ஆணிக்குப் பதில் வளையம் வெட்டிய ஆணி, கூரைப் பலகைகளின் இடுக்குகளை அடைக்கும் நாடா, காற்று பிடித்துக் கிளப்ப முடியாதபடி இறுக்கிய ஓரம். மேலே ஒட்டிய தார் ஓடு பறந்துபோனாலும் மழைநீர் வீட்டுக்குள் இறங்காது.

2020இல் அலபாமாவைத் தாக்கிய சாலி சூறாவளியின் இழப்பீட்டுக் கோரிக்கைகளை அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசியபோது, இந்தத் தரத்தில் கட்டிய வீடுகளிலிருந்து வந்த கோரிக்கைகள் பாதிக்கும் மேல் குறைந்திருந்தன.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. திட்டத்தை ஆதரிப்போர் பெருமையோடு எடுத்துக்காட்டும் அந்தக் கணக்குதான் அவர்களுக்கு எதிரான சாட்சி. சாலியின் பாதையில் இருந்த வீடுகள் எல்லாமே இந்தத் தரத்தில் இருந்திருந்தால், காப்பீட்டு நிறுவனங்களுக்கு சுமார் 112 மில்லியன் டாலர் மிஞ்சியிருக்கும். வீட்டுக்காரர்கள் கைப்பணமாகக் கட்டும் தொகையில் மிஞ்சியிருப்பது சுமார் 35 மில்லியன்தான். கூரைக்குச் செலவழிப்பவர்கள் வீட்டுக்காரரும் மாநிலமும். ஆதாயத்தில் பெரும்பங்கு காப்பீட்டு நிறுவனத்துக்கு.

இதற்குக் காரணம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. புளோரிடாவில் சூறாவளிச் சேதத்துக்கென்று தனியான 'டிடக்டிபிள்' உண்டு. காப்பீட்டுப் பணம் வருவதற்கு முன் வீட்டுக்காரர் தன் கையிலிருந்து ஏற்கவேண்டிய பங்கு அது. இது பெரும்பாலும் நிலையான தொகையல்ல, வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 2, 5 அல்லது 10 சதவீதம். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றாலே 8,000 டாலர். பழைய கூரையாக இருந்தால் 60,000 டாலர் சேதம் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் 52,000 கொடுத்திருக்கும். பலப்படுத்திய கூரையால் சேதம் 6,000 டாலரோடு நின்றால் நிறுவனம் கொடுப்பது ஒன்றுமில்லை. ஆறாயிரமும் வீட்டுக்காரரின் தலையில். வீடு தப்பியது, குடும்பம் தெருவுக்கு வரவில்லை; அது பெரிய விஷயம்தான். என்றாலும் பணக்கணக்கில் 52,000 டாலர் மிஞ்சியது யாருக்கு, 2,000 டாலர் மிஞ்சியது யாருக்கு என்று பார்க்காமல் இதை மக்களுக்கான திட்டம் என்று சொல்லக்கூடாது.

பலப்படுத்திய வீட்டுக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் மொத்தப் பிரீமியத்தின் மீதல்ல, அதில் காற்றுச் சேதத்துக்கு உரிய பகுதியின் மீது மட்டும். ஒருவர் ஆண்டுக்கு 5,000 டாலர் கட்டுகிறார், அதில் காற்றுக்கான பங்கு 3,000 என்று கொள்வோம். 30 சதவீதத் தள்ளுபடி என்றால் மிச்சம் 900 டாலர். அடுத்த ஆண்டு நிறுவனம் கட்டணத்தை 20 சதவீதம் ஏற்றினால் அவர் கட்டுவது 4,920. தள்ளுபடி ஒரே ஆண்டில் ஏறக்குறைய கரைந்துவிட்டது. பலப்படுத்தாமல் இருந்திருந்தால் 6,000 கட்டியிருப்பாரே என்ற பதில் கணக்குப்படி சரி. ஆனால் மானியத்துக்கு விண்ணப்பித்தவரிடம் சொன்னது 'ஏற்றம் குறையும்' என்றல்ல, 'பிரீமியம் குறையும்' என்று.

கட்டண உயர்வு அவருடைய கூரையைப் பார்த்து வருவதுமல்ல. நிறுவனங்கள் தமக்கு வாங்கிக்கொள்ளும் மறுகாப்பீட்டின் சந்தை விலை, வழக்குச் செலவு, நிறுவனங்களின் திவால், இவையெல்லாம்தான் அதைத் தீர்மானிக்கின்றன. லாரா, ஐடா சூறாவளிகளுக்குப் பிறகு நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சரிந்த லூசியானாவில், வேறு வழியற்றவர்களுக்குக் காப்பீடு தரும் மாநில நிறுவனமே 2023இல் கட்டணத்தைச் சராசரியாக 63 சதவீதம் உயர்த்தியது.

தள்ளுபடி நிலைக்காது என்பதற்குப் புளோரிடாவின் சொந்த வரலாறே போதும். அங்கே தள்ளுபடி முதலில், அதைக் கணக்கிட நடந்த ஆய்வு சொன்னதில் பாதி அளவுக்குத்தான் கட்டாயமாக்கப்பட்டது, பிறகு முழு அளவுக்கு. வருமானம் குறைந்ததும் நிறுவனங்கள் அடிப்படைக் கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டு வரிசையில் நின்றன. தள்ளுபடி சதவீதத்தைச் சட்டம் காக்கிறது, அது எந்தத் தொகையிலிருந்து கழிக்கப்படுகிறதோ அந்தத் தொகை ஏறுவதைத் தடுப்பதில்லை.

இதைவிட மோசமான ஓட்டை ஒன்று உண்டு. ஃபோர்ட்டிஃபைட் சான்றிதழின் ஆயுள் ஐந்து ஆண்டு. காப்பீட்டு ஒப்பந்தத்தின் ஆயுள் ஓர் ஆண்டு. நிறுவனங்களின் சொந்த அமைப்பே ஐந்தாண்டுச் சான்று தந்த கூரையை, ஆண்டு முடிவில் புதுப்பிக்க மாட்டோம் என்று அதே நிறுவனங்கள் கைவிடலாம்.

இதுவரை சொன்னது காற்றுச் சேதம்; தண்ணீர் விஷயத்தில் விவாதிக்கவே ஒன்றுமில்லை. 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி வந்தபோது புளோரிடாவின் தாம்பா வளைகுடாவை ஒட்டிய பினெல்லஸ் மாவட்டத்தில் கடல் பொங்கி வீடுகளுக்குள் புகுந்தது. அங்கே கூரை ஆணிக்கு வேலையில்லை. வெள்ளச் சேதம் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் சேர்த்தியுமில்லை.

வாடகை வீட்டில் இருப்பவருக்கும், நகரும் வீட்டில் ('மொபைல் ஹோம்') குடியிருப்பவருக்கும் புளோரிடாவின் மானியம் கிடையாது. காற்று முதலில் பிய்த்தெறிவது பெரும்பாலும் அந்த நகரும் வீடுகளைத்தான். வேலையை முடித்துப் பணத்தைக் கட்டிய பிறகே மாநிலம் திருப்பித் தரும் என்பதால், கையில் ரொக்கம் இருப்பவரே இந்தத் திட்டத்தில் முதலில் நுழைய முடிந்தது. குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு முன்னுரிமை என்ற விதி பிந்தித்தான் வந்தது.

திட்டத்தை மூட வேண்டியதில்லை. மானியம் கொடுக்கும் மாநிலம் நிறுவனங்களிடம் மூன்று நிபந்தனைகளைச் சட்டமாகவே எழுதி வாங்கவேண்டும். சான்றிதழ் உயிரோடு இருக்கும் ஐந்தாண்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தே ஆகவேண்டும். பலப்படுத்திய வீட்டுக்கு டிடக்டிபிள் சதவீதத்தைக் குறைக்கவேண்டும். தள்ளுபடியை மொத்தப் பிரீமியத்தில் டாலர் கணக்கில் காட்டவேண்டும். இந்த மூன்றும் இல்லாதவரை, மக்கள் வரிப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு ஆணியும் காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் மானியம்தான்.