ஏழை எழுத்தாளரின் புட்டிங்

எலைசா ஆக்டனின் ‘மாடர்ன் குக்கரி’ 1845இல் லாங்மன் பதிப்பகம் வெளியிட்ட சமையல் நூல். பின்னாளில் அவரே அதைத் திருத்தி விரித்தார். அதன் புட்டிங் பகுதிகளில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று, பதிப்பாளரின் புட்டிங். இன்னொன்று, ஏழை எழுத்தாளரின் புட்டிங். பசியோடு புரட்டுகிறவர்கள் இந்தப் பெயர்களைத் தாண்டிப் போய்விடலாம். புத்தகம் எழுதிவிட்டு ராயல்டிக்குக் காத்திருந்த பெண்கள் தாண்டிப் போக மாட்டார்கள்.

பிரிட்டனில் புட்டிங் என்றால் நம் பேக்கரிகளில் குலுங்கும் கேரமல் புட்டிங் மட்டுமல்ல. மாவையும் கொழுப்பையும் பழத்தையும் துணியில் மூட்டையாகக் கட்டிக் கொதிநீரில் மணிக்கணக்காக வேகவைப்பது, கிண்ணத்தில் ஊற்றி ஆவியில் அவிப்பது, பாலும் முட்டையுமாகச் சுட்டெடுப்பது எல்லாமே புட்டிங். சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்புக்கே அங்கே அதுதான் பொதுப்பெயர். ஆக்டன் இவற்றுக்குச் சூட்டும் பெயர்கள் தனி ரகம்: இளம் மனைவியின் புட்டிங், நல்ல மகளின் புட்டிங், நேர்த்தியான சிக்கனக்காரரின் புட்டிங். ஒரு நாவலின் கதாபாத்திரங்களை வரிசையாக அறிமுகப்படுத்துவதுபோல் இருக்கும். அந்தக் கூட்டத்தில்தான் எழுத்தாளரும் பதிப்பாளரும் வந்து நிற்கிறார்கள்.

பதிப்பாளரின் புட்டிங் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் தகும் என்கிற தொனியில் ஆரம்பிக்கிறது. பாதாமைத் தோலுரித்து, உரலில் வழுவழுப்பான விழுதாகும்வரை இடிக்க வேண்டும். கொதிக்கும் கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். மக்ரூன் பிஸ்கட், கொழுப்பு, உலர்திராட்சை, பிராந்தி என்று பட்டியல் நீளும். பிறகு நான்கு மணி நேரத்துக்கும் மேலே கொதிநீரில் வேக வேண்டும்.

ஏழை எழுத்தாளரின் புட்டிங்குக்கு ஒரு குவார்ட் பால், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல். அரைத் துண்டு இலவங்கப்பட்டை, இல்லையென்றால் ஒரு சிறிய எலுமிச்சையின் மெல்லிய தோல். சிட்டிகை உப்பு, 3 அவுன்ஸ் சர்க்கரை, 3 முட்டை. மேலே மூட வெண்ணெய் தடவிய ரொட்டி. அரை மணி நேரம் சுட்டால் முடிந்தது.

நான் செய்து பார்த்தது இந்த இரண்டாவதைத்தான். பதிப்பாளருடையதைச் செய்ய எனக்குக் கையும் இல்லை, காசும் இல்லை. பட்டை போட்டுக் காய்ச்சிய பால் முழுக்க ஆறிய பிறகே முட்டை சேர வேண்டும் என்கிறார் ஆக்டன். சூட்டில் ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். ஓரம் நீக்கிய ரொட்டியை அரை அங்குலக் கனத்தில் வெட்டி, இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவி, துண்டுக்குத் துண்டு இடைவெளி தெரியாமல் பொருத்தி, பாத்திரத்தின் வாயை முழுவதுமாக மூடச் சொல்கிறார். செய்யும்போதுதான் இந்த வரி என்னை நிறுத்தியது. இவ்வளவு பாலுக்கு 3 முட்டை குறைவு. உள்ளே கஸ்டர்ட் இறுகுவதும் இறுகாததுமாகத் தளும்பிக்கொண்டுதான் இருக்கும். மேலே மட்டும் பொன்னிறமாக, மொறுமொறுப்பாக, ஒரு கீறல் இல்லாத கூரை. மேசைக்குக் கொண்டுவந்து வைக்கும்போது பார்க்கிறவர்களுக்குக் குறையொன்றும் தெரியாது. கரண்டியை விட்டால்தான் உள்ளே இருக்கும் நீர்த்த நிலைமை தெரியும். வறுமையை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாத நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக எழுதிய பக்கத்தை நான் அதிகம் படித்ததில்லை. சாப்பிட வந்த தோழி, “ஏன்டி, இதுல ஏழையைத்தான் காணோம்!” என்றாள். அதுதான் அந்தக் கூரையின் வேலை. (சுவை? பட்டை மணம் பிரமாதம். இனிப்பு நம் நாக்குக்குப் போதாது.)

ஆக்டனுக்கு அந்த நிலைமை கேள்வி ஞானம் அல்ல. 1799இல் பிறந்தவர். அவருடைய முதல் நூல் சமையல் நூலே அல்ல. 1826இல் இப்ஸ்விச்சில் சந்தாதாரர்கள் தந்த பணத்தில் அச்சான கவிதைத் தொகுப்பு. அடுத்த ஆண்டே அப்பாவின் தொழில் நொடித்துக் குடும்பம் சிதறியது. அம்மா டன்பிரிட்ஜில் வாடகைக்கு ஆள் வைத்து வீடு நடத்தினார். மணமாகாத மகள் அந்த வீட்டு அடுப்படியில் சமைத்து, அளந்து, மறுபடி சமைத்து, சுமார் பத்து ஆண்டுகளில் உருவாக்கியதுதான் இந்த நூல்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் விடாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. கவிதைக் கட்டோடு போன ஆக்டனிடம், கவிதை யாருக்கு வேண்டும், போய் ஒரு சமையல் புத்தகம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றாராம் பதிப்பாளர். ரசமான கதைதான், எனக்கு அதில் உடன்பாடில்லை. சமையல் நூல் என்கிற யோசனையை அது ஓர் ஆணின் கையில் கொடுத்துவிடுகிறது. கூடவே, கவிதையிலிருந்து அடுப்படிக்கு வந்தது ஒரு சறுக்கல் என்றும் சொல்லிவிடுகிறது. நூலைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. ‘ஆசிரியரின் கிறிஸ்துமஸ் புட்டிங்’ என்ற குறிப்பைப் பாருங்கள். அவுன்ஸ் கணக்கில் மாவு 3, ரொட்டித் தூள் 3. மாட்டுக் கொழுப்பு 6, உலர்திராட்சை 6, சிறுதிராட்சை 6. பிறகு ஆப்பிள் 4, சர்க்கரை 5, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் 2. 3 முட்டை, சின்னக் கிளாஸில் பிராந்தி, துணியில் இறுக்கிக் கட்டி மூன்றரை மணி நேரம். சீர் எண்ணிப் பழகியவர் எழுதியது என்று சொல்லத் தோன்றவில்லையா? ‘போதுமான அளவு’, ‘பக்குவமாக’ என்று மழுப்பும் சமையல் புத்தகங்களுக்கு நடுவே, என்னென்ன பொருள், எவ்வளவு அளவு, எவ்வளவு நேரம் என்பதைக் குறிப்பின் முடிவில் தொகுத்துத் தந்தவர் ஆக்டன். இன்று நமக்குச் சாதாரணமாகிவிட்ட வடிவம் அது.

அதே காலத்து ஆண் எழுத்தும் புட்டிங்கை விட்டு வைக்கவில்லை. டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ 1843இல் வந்தது. அதில் திருமதி கிராட்சிட் புட்டிங் சரியாக வெந்திருக்குமா என்று பதறிக்கொண்டே எடுக்கப் போகிறார். புட்டிங்கைக் கட்டிய துணியிலிருந்து சலவை நாளின் வாசனை வீசுகிறது என்று எழுதும் டிக்கன்ஸுக்கு நல்ல மூக்கு. ஆனாலும் அந்தப் பதற்றம் வாசகர் ரசிப்பதற்கு வைக்கப்பட்ட பதற்றம். அவருடைய ‘மார்ட்டின் சஸில்விட்’ நாவலில் ரூத் பின்ச் தன் அண்ணனுக்காக முதன்முறை மாட்டிறைச்சிப் புட்டிங் செய்கிறாள். அது புட்டிங்காகத்தான் வருமா என்று அவளுக்கே சந்தேகம். மாவுக் கையும் வெட்கமுமாக அவள் தடுமாறுவதில் நாவலுக்குச் சொக்கிப்போகும் அளவுக்கு ஆனந்தம். ஆக்டன் என்ன செய்தார் தெரியுமா? ரூத் பின்ச்சின் பெயரிலேயே குறிப்பு ஒன்றைத் தன் நூலில் சேர்த்தார். கொழுப்புக்குப் பதில் 6 அவுன்ஸ் வெண்ணெய், மாவு பிசைய 4 மஞ்சள் கரு அல்லது 3 முழு முட்டை. பெண்ணின் தெரியாமையை நாவலாசிரியர் அழகாகப் பார்த்தார். ஆக்டன் அந்தப் பெண்ணுக்கு அளவு சொல்லிக் கொடுத்தார். டிக்கன்ஸுக்கு மரியாதை என்றே பலரும் இதை வாசிக்கிறார்கள். மரியாதையும் இருக்கிறது, திருத்தமும் இருக்கிறது.

இனி ‘ஆசிரியரின்’ என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். 1855 பதிப்பின் முன்னுரையில் ஆக்டன் ஒரு விளக்கம் தருகிறார். பல குறிப்புகளுக்கு ‘ஆசிரியரின் குறிப்பு’, ‘ஆசிரியரின் சொந்தக் குறிப்பு’ என்று முத்திரை வைத்திருப்பது தற்பெருமையாகத் தெரியலாம். ஆனாலும் தற்காப்புக்காக மட்டுமே அப்படிச் செய்தேன் என்கிறார். சமகால எழுத்தாளர்கள் தன் நூலின் பெரும்பகுதிகளை, எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். இந்த நூலுக்காக உடல் நோக உழைத்ததன் தண்டனையைத் தான் அனுபவித்துக்கொண்டிருக்கும்போது, முன்பின் தெரியாதவர்கள் பெயரையும் லாபத்தையும் அள்ளிக்கொண்டு போவதை இனியும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்கிறார். திருடு போனது அவருடைய பொருள். அதைத் தன்னுடையது என்று சொல்வதற்கும் தற்பெருமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள் என்று முதலில் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சமையல் குறிப்பு காற்றில் கிடப்பது, யாருடையதும் அல்ல, அம்மாக்களும் பாட்டிகளும் எல்லோருக்குமாக விட்டுச் செல்வது என்று நாமே உருகி உருகி எழுதுகிறோம். அந்த உருக்கம் யார் பாக்கெட்டை நிறைக்கிறது என்று 1855இலேயே ஒரு பெண் கணக்குக் கேட்டிருக்கிறார். இந்த முன்னுரைக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஏழை எழுத்தாளரின் புட்டிங் வெறும் நகைச்சுவையாக நிற்காது.

ஆக்டன் 1859 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டில் இஸபெல்லா பீட்டனின் குடும்ப நிர்வாக நூல் மாதப் பகுதிகளாக வரத் தொடங்கியது. 1861இல் முழு நூலாயிற்று. ஆக்டனின் குறிப்புகள் பல அதில் இருக்கின்றன, ஆக்டனின் பெயர் இல்லை. முடிவில் இருந்த பொருள் பட்டியலை பீட்டன் முதலுக்குக் கொண்டுவந்தார், செலவுக் கணக்கும் சேர்த்தார். உண்மையிலேயே உதவியான மாற்றங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் பிரிட்டனில் வீட்டுச் சமையலுக்கு மறுபெயராக ‘மிஸஸ் பீட்டன்’ நிலைத்துவிட்டார். ஆக்டனின் நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிலிருந்தே மறைந்தது. 1968இல் எலிசபெத் ரே தொகுத்து, எலிசபெத் டேவிட் முன்னுரை எழுதிய தேர்வு நூல் வந்த பிறகுதான் மறுபடி பேசப்பட்டார்.

அதற்காக பீட்டனை வில்லியாக்கவும் எனக்கு மனமில்லை. இருபதுகளின் தொடக்கத்தில், பதிப்பாளரான கணவரின் பத்திரிகைக்காக உழைத்தவர். முதல் பக்கத்தில் பதிப்பாசிரியர் என்றுதான் தன்னைக் குறித்துக்கொண்டார். 1865இல், நான்காவது பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில், 28 வயதில் இறந்தார். சில ஆண்டுகளுக்குள் கடனில் விழுந்த கணவர் நூலின் உரிமையை வார்ட் லாக் நிறுவனத்துக்கு விற்றார். அதன் பிறகு அவர் எழுதாத புத்தகங்களும் அவர் பெயரில் வந்துகொண்டே இருந்தன. ஒருவருக்கு எழுத்து இருந்தது, பெயர் போயிற்று. இன்னொருவருக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. புட்டிங் யார் தட்டுக்குப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக்டனோடு இந்தக் கணக்கு முடிந்துவிடவும் இல்லை. ஏழை எழுத்தாளரின் அரைத் துண்டுப் பட்டை அன்று பிரிட்டனின் ஆட்சியிலிருந்த இலங்கையில் உரிக்கப்பட்டதாக இருக்கலாம். 3 அவுன்ஸ் சர்க்கரை மொரீஷியஸ் கரும்பாக இருக்கலாம். அடிமை முறை ஒழிந்ததும் அந்தத் தோட்டங்களுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழர்களும் உண்டு. அதெல்லாம் தொலைவு என்றால், அதே அடுப்படிக்குள்ளேயே பார்க்கலாம். பதிப்பாளரின் புட்டிங்குக்குப் பாதாமை இடித்தது யார் கை? ஆக்டனின் வீட்டில் ஆன் கெர்பி என்ற வேலைக்காரப் பெண் இருந்தார். அன்னபெல் ஆப்ஸ் 2022இல் வெளியிட்ட ‘தி லாங்குவேஜ் ஆஃப் ஃபுட்’ நாவலில் ஆக்டனும் ஆனும் மாறி மாறிப் பேசுகிறார்கள். அந்த நாவல் இருவரையும் கொஞ்சம் அதிகமாகவே தோழிகளாக்கிவிடுகிறது. கூலி கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே அவ்வளவு சுலபமாகக் கரைந்துவிடும் தூரமா அது என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இடறுகிறது. ஆனாலும் உரலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறாள் என்று காட்டியதற்காக அந்த நாவலைத் தோழிகளுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.