மோட்டார் இல்லாத கடைசல்: மிதித்துப் பார்த்ததில் தெரிந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய தையல் மெஷின் ஸ்டாண்டை லேத்தாக மாற்றுவதைவிட, மூங்கிலையும் கயிற்றையும் வைத்துச் செய்யும் மிதிகடைசலே மேல். கொச்சியின் பள்ளுருத்தியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் இரண்டையும் நானே செய்தேன். காயலோரத்துப் பூவரசங்கிளை ஒன்றை அறுத்து, இரண்டிலும் கடைந்து பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

தையல் மெஷின் ஸ்டாண்டு காயலான் கடையில் எளிதில் கிடைக்கும். கீழ்ச்சக்கரம் ஏறக்குறைய ஓர் அடி விட்டம். மேலே அச்சில் 3 அங்குலக் கப்பி போட்டால் ஒரு மிதிக்குக் கட்டை 4 சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 70, 80 மிதி களைப்பில்லாத வேகம். அப்போது கட்டை 300 சுற்றையொட்டி ஓடும். ஒரே திசையில் ஓடுவதால் உளியை எடுக்கவே வேண்டாம். புதிதாகப் பழகுபவருக்கு இது பெரிய வசதி. ஆனால் அந்தச் சக்கரம் ஊசியைத் துணியில் இறக்குவதற்காக வார்த்தது. சீவல் சற்றுத் தடித்தாலே நின்றுவிடும். அச்சில் ஓர் இரும்பு எடைத்தட்டை முடுக்கியதும் பாதி சரியானது. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் தோல் பெல்ட் ஈரத்தில் தளர்ந்து வழுக்கியது. உப்புக்காற்றில் வார்ப்பிரும்பு வேறு துருவேறுகிறது.

மிதிகடைசலில் அந்தத் தொல்லைகள் இல்லை. ஆஞ்சிலிப் பலகை இரண்டை இடைவெளி விட்டு இணையாகப் பூட்டி, நடுவில் இரண்டு குத்துக்கட்டைகளை நிறுத்தி, அடியில் ஆப்படித்து இறுக்க வேண்டும். குத்துக்கட்டைகளில் கூராக்கிய போல்ட் முனைகள் எதிரெதிரே நிற்கும். கடைய வேண்டிய கட்டையை அவற்றுக்கிடையில் மாட்டுவோம். தலைக்கு மேல் ஒரு மூங்கில். அதன் நுனியிலிருந்து இறங்கும் கயிறு கட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி, கீழே மிதிபலகைக்குப் போகும். மிதித்தால் கட்டை நம்மை நோக்கிச் சுழலும்; அப்போதுதான் வெட்டு. காலைத் தளர்த்தினால் மூங்கில் கயிற்றை மேலே இழுக்கும், கட்டை திரும்பிச் சுழலும். அந்த நொடியில் உளியை மயிரளவு விலக்கிக்கொள்ள வேண்டும். முனைகளில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடாவிட்டால் கிறீச்சிட்டு மரம் கருகும்.

பாதி நேரம் வெட்டே இல்லாத இதை ஏன் மேல் என்கிறேன்? மிதியின் பலம் முழுவதும் நேராகக் கட்டைக்கு வருகிறது, தடித்த சீவலுக்கும் அசராது. உளி மழுங்கினால் முதலில் காலுக்குத்தான் தெரியும். ஈரம் காயாத பூவரசு நீளநீளச் சுருளாக உரிகிறது, தூசியே பறப்பதில்லை. காலை எடுத்தால் நின்றுவிடும் என்பதால் பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டலாம். இங்கிலாந்தில் பக்கிள்பரி என்ற ஊரில் 1958இல் இறந்த ஜார்ஜ் லெய்லி மரக்கிண்ணங்கள் கடைந்தது இப்படிப்பட்ட கடைசலில்தான். ராபின் வுட் என்ற கடைசல்காரர் அந்த வேலைக்கு நம் காலத்தில் மறுபடி உயிர் கொடுத்தார்.

எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி தந்தது அரக்கு வேலை. அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்களிலும் கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைகளிலும், சுழலும் மரத்தில் நிற அரக்குக் குச்சியை அழுத்தி, உராயும் சூட்டிலேயே உருக்கி ஏற்றுவார்கள். தாழை மடலால் தேய்த்து மெருகூட்டுவார்கள். மோட்டார் வருவதற்கு முன்பு, கயிற்றை முன்னும் பின்னும் இழுத்தே சுழற்றினார்கள். அது எப்படிச் சாத்தியமானது என்பது மிதித்தபோது புரிந்தது: உளிக்கு வீணாகும் பின்சுழற்சி அரக்குக்கு வீணில்லை, எந்தப் பக்கம் சுழன்றாலும் சூடு ஏறுகிறது. சின்னச் சின்ன மிதிகளாக வேகம் பிடித்தேன். சிவப்பு அரக்கு முதலில் திட்டுத்திட்டாக ஒட்டியது. பிறகு இளகி, மடல் பட்டதும் ஒரே பூச்சாகப் படிந்தது. இதற்கு மட்டும் நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒற்றைக்காலில் நின்று மிதிப்பதால் அரை மணியில் இடுப்பு பிடிக்கும். கால் மாற்றிப் பழகியே ஆகவேண்டும். மூங்கில் வளையக் கூரை உயரம் வேண்டும். தாழ்ந்த கூரையென்றால் சைக்கிள் ட்யூபைக் குறுக்கே கட்டிக்கொள்ளலாம், இழுப்பு சற்றுக் குறையும். நைலான் கயிறு வழுக்கும், பருத்திக் கயிறு பிடிக்கும் ஆனால் தேய்ந்து அறும். மாற்றுக் கயிறு கைவசம் இருக்கட்டும். கயிறு சுற்ற இடம் வேண்டுமே, அதனால் கட்டையைத் தேவைக்கு மேல் நான்கு விரல் நீளமாகவே அறுங்கள். பூரிக்கட்டை, மத்துக்காம்பு, பம்பரம் என்று தொடங்குங்கள். கிண்ணத்துக்குக் கொக்கி உளி வேண்டும். லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றைக் கொடுத்துக் கொல்லரிடம் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.